ஆர் மொழியில் வெக்டர்: தனி எண் என்று ஒன்று கிடையாது

புள்ளியியல் கணக்கீட்டுக்காக ஆர் (R) என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே ‘வெக்டர்’ என்ற சொல்லைக் கேட்டுவிடுகிறார்கள். ஆனால் அது என்ன என்று கேட்டால், இயற்பியல் படித்தவர் திசையோடு கூடிய அம்புக்குறி என்கிறார், எக்செல் பழகியவர் ஒரு பத்தி என்கிறார், பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தவர் அதிலுள்ள ‘லிஸ்ட்’ என்ற பட்டியல் போன்றதுதான் என்று முடித்துவிடுகிறார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போடத் தொடங்கும்போதுதான், பிழைச்செய்தி எதுவும் வராமலேயே விடை தவறிப்போகிறது. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக் கல்லூரிகளில் வணிகவியலோ புள்ளியியலோ படித்துவிட்டு, நிரல் எழுதிப் பழக்கமில்லாமல் ஆருக்கு வரும் மாணவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

பேரேட்டின் ஒரு பத்தி

நகரத்தார் வீடுகளில் கொண்டுவிற்ற (வணிகம் செய்த) காலத்துப் பேரேடுகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். தொகை எழுதும் பத்தியில் தொகை மட்டுமே இருக்கும். ஆளின் பெயரோ, ஊரின் பெயரோ அந்தப் பத்திக்குள் வராது. வரிகள் மேலிருந்து கீழாக ஒரு வரிசையில் இருக்கும், அந்த வரிசையைக் கலைத்தால் எந்தத் தொகை யாருடையது என்பது குழம்பிவிடும். பத்தியில் எத்தனை வரி என்பதை எண்ணிச் சொல்ல முடியும்.

ஆரில் வெக்டர் என்பது இதுதான்: ஒரே வகையைச் சேர்ந்த மதிப்புகளின், வரிசை மாறாத தொகுப்பு. அதிலுள்ள ஒவ்வொரு மதிப்பும் ‘உறுப்பு’. உறுப்புகளின் எண்ணிக்கை வெக்டரின் ‘நீளம்’. ஓர் உறுப்பு எத்தனையாவதாக நிற்கிறது என்பதைச் சொல்லும் எண் ‘சுட்டெண்’.

ஒப்புமை இந்த இடத்தோடு நிற்கட்டும். பேரேட்டில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் கழிப்பார். ஆரோ ஒரு பத்தியை இன்னொரு பத்தியிலிருந்து மொத்தமாக ஒரே கட்டளையில் கழித்துவிடும். அந்த வேறுபாட்டில்தான் இம்மொழியின் பலமும் இருக்கிறது, அது வைக்கும் கண்ணிகளும் இருக்கின்றன.

தனி எண்ணும் வெக்டரே

ஆர் திரையில் 5 என்று தட்டி என்டர் அழுத்தினால், விடை [1] 5 என்று வரும். அந்த [1] எதற்கு என்று எல்லாப் பயிற்சி ஏடுகளும் சொல்வதில்லை. மாணவர்களும் அதை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வரியில் முதலாவதாக நிற்கும் உறுப்பின் சுட்டெண் 1 என்பது அதன் பொருள். அதாவது நீங்கள் தட்டிய 5, ஆரின் கண்ணுக்கு ஓர் எண் அன்று, நீளம் 1 உடைய ஒரு வெக்டர். நீளமான வெக்டரை அச்சிடும்போது இரண்டாவது வரி [19] என்றோ [26] என்றோ தொடங்குவதும் இதனால்தான். அந்த வரியின் முதல் உறுப்பு எத்தனையாவது என்று அது சொல்கிறது.

இப்படி அமைந்ததற்குக் காரணம் மொழியின் பிறப்பில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1976-இல் தொடங்கிய ‘எஸ்’ என்ற புள்ளியியல் மொழியின் வழியில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் ஆரை உருவாக்கினார்கள், அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளியானது. புள்ளியியலாளர் ஒற்றை எண்ணோடு வேலை செய்வதில்லை. அவர் கையில் இருப்பது எப்போதும் ஒரு தொகுதி அளவீடுகள். ஆகவே தொகுதியையே அடிப்படை அலகாக வைத்த மொழி இது.

வெக்டரை உருவாக்குதல்

மதிப்புகளைச் சேர்த்துக் கோக்கும் செயற்கூறின் பெயர் ‘சி’ என்ற ஒற்றை எழுத்து. செயற்கூறு என்பது உள்ளிடும் மதிப்பை வாங்கிக்கொண்டு ஒரு விடையைத் திருப்பித் தரும் கட்டளை. ஆத்தங்குடியில் கைவேலையாகத் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை அச்சுக்குள் ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு, காயவிட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. திங்கள் முதல் சனி வரை எத்தனை கல் செய்யப்பட்டன என்பதற்குக் கற்பனையாகச் சில எண்களை வைத்துக்கொள்வோம்:

கல் <- சி(420, 380, 450, 0, 410, 440)

இடப்பக்கம் நோக்கும் அம்பு, வலப்பக்கத்து வெக்டருக்கு இடப்பக்கத்துப் பெயரைச் சூட்டுகிறது. லெங்த்(கல்) என்றால் 6 வரும், சம்(கல்) என்றால் 2100, மீன்(கல்) என்றால் சராசரி 350. தொடர் எண்கள் வேண்டுமானால் 1:6 என்று முக்காற்புள்ளி இட்டால் போதும்.

நம்மவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. ஆயிரத்து இருநூற்றைம்பதை 1,250 என்று எழுதும் பழக்கத்தில் அப்படியே ‘சி’க்குள் தட்டினால், ஆர் அதை 1, 250 என்று இரண்டு உறுப்புகளாக எடுத்துக்கொள்ளும். பிழை என்று சொல்லாது. 1,25,000 என்று தட்டினால் மூன்று உறுப்புகள் கிடைக்கும், கடைசி உறுப்பு 0 ஆகிவிடும். உருவாக்கிய உடனே நீளத்தைச் சரிபார்ப்பது ஒரு நல்ல வழக்கம்.

ஒரே வகை என்ற விதி

வெக்டரில் எல்லா உறுப்புகளும் ஏன் ஒரே வகையாக இருக்க வேண்டும்? கணினியின் நினைவகத்தில் அவை இடைவெளியின்றி அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. பின்னப்பகுதியையும் ஏற்கும் சாதாரண எண் ஒவ்வொன்றும் 8 பைட் (நினைவக அளவின் அலகு) இடம் எடுத்துக்கொள்ளும். எனவே நான்காவது உறுப்பு வேண்டும் என்றால், முதல் உறுப்பின் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளிப் பார்த்தால் போதும். முதல் மூன்றையும் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அளவு மாறுபடும் பொருள்களை இப்படி வைக்க முடியாது. ஆரின் வேகத்துக்கு இது ஒரு காரணம்.

தொடக்க நிலையில் மூன்று வகைகள் போதும்: ட்ரூ, ஃபால்ஸ் என்ற தருக்க மதிப்பு, எண், மேற்கோள் குறிக்குள் எழுதப்படும் உரை. வேறுபட்ட வகைகளை ஒரே வெக்டருக்குள் கலந்தால் ஆர் மறுக்காது. எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றிவிடும். இதற்கு ‘வகைமாற்றம்’ என்று பெயர். தருக்க மதிப்பு எண்ணோடு சேர்ந்தால் எண்ணாகும், எண் உரையோடு சேர்ந்தால் உரையாகும். மாற்றம் எப்போதும் உரையின் பக்கமே போகும்.

வியாழக்கிழமைக்கு 0 என்பதற்குப் பதிலாக யாரோ "விடுமுறை" என்று எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக மற்ற ஐந்து எண்களும் "420", "380" என்று உரையாகிவிடும். சம் செயற்கூறு பிழை காட்டி நின்றுவிடும், அது பரவாயில்லை. ஒப்பீடு நிற்காது. உரையாக ஒப்பிடும்போது அகராதியில் சொற்களை அடுக்குவது போல முதல் எழுத்திலிருந்து பார்க்கப்படும் என்பதால், "9" என்பது "10"ஐ விடப் பெரியது என்று ஆர் சொல்லும். இப்படிப்பட்ட வெக்டரை வரிசைப்படுத்தினால் "1000" என்பது "420"க்கு முன்னால் வந்து நிற்கும்.

உரை வெக்டரில் இன்னொரு நுணுக்கம். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களின் ஊர்ப்பெயர்களை ஒரு வெக்டராகக் கோத்தால் லெங்த் 9 என்று சொல்லும். அது பெயர்களின் எண்ணிக்கை. ஆனால் "காரைக்குடி" என்ற ஒரே சொல்லின் லெங்த் என்ன என்று கேட்டால் 1 என்றே வரும், ஏனெனில் அது ஓர் உறுப்பு. எழுத்துகளை எண்ண வேண்டுமானால் என்கேர் என்ற செயற்கூறு வேண்டும். அதுவும் தமிழுக்கு நாம் எதிர்பார்க்கும் 5ஐத் தராது, 10 என்று சொல்லும். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடு முறையில் அகரம் ஏறிய மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதால் ‘கா’ என்பது அதற்கு இரண்டு.

இதுவரை பார்த்தது: வெக்டர் என்பது வரிசை, வகை, நீளம் ஆகிய மூன்றும் உடையது, தனி எண்ணும் அப்படியே. வகை கலந்தால் ஆர் தானாகவே மாற்றிவிடும்.

உறுப்புகளைப் பொறுக்கி எடுத்தல்

வெக்டரின் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குறி இட்டு, உள்ளே சுட்டெண்ணைத் தர வேண்டும். ஆரில் எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்குகிறது, பைத்தானில் 0. எனவே கல்[1] என்பது திங்கட்கிழமையின் 420. கல்[2:4] என்றால் செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் வரும். கல்[சி(1, 6)] என்றால் முதலும் கடைசியும் மட்டும் வரும். அடைப்புக்குறிக்குள் போவதும் ஒரு வெக்டர்தான் என்பதைக் கவனித்தால் இந்த மூன்றும் ஒரே விதி என்று விளங்கும்.

எதிர்மக் குறி இட்ட சுட்டெண்ணைப் பற்றி இங்கே நிறையக் குழப்பம் இருக்கிறது. பைத்தானில் -1 என்றால் கடைசி உறுப்பு. ஆரில் கல்[-1] என்றால் முதல் உறுப்பை நீக்கிவிட்டு மீதி ஐந்தையும் தருக என்று பொருள். இரு மொழிகளையும் ஒரே பருவத்தில் படிப்பவர்கள் இதில் தடுமாறுவது இயல்பு. இல்லாத இடத்தைக் கேட்டாலும் ஆர் பிழை சொல்லாது: கல்[9] என்றால் என்.ஏ. (மதிப்பு தெரியவில்லை என்பதற்கான குறி) என்று திருப்பித் தரும், கல்[0] என்றால் உறுப்பே இல்லாத வெற்று வெக்டர் தரும்.

நடைமுறையில் மிகவும் பயன்படுவது நிபந்தனை வைத்துப் பொறுக்குவது. கல் > 415 என்று மட்டும் தட்டிப் பாருங்கள். ஆறு உறுப்புகள் கொண்ட ஒரு தருக்க வெக்டர் வரும்: ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ, ஃபால்ஸ், ஃபால்ஸ், ட்ரூ. அதையே அடைப்புக்குறிக்குள் வைத்து கல்[கல் > 415] என்று எழுதினால், ட்ரூ நிற்கும் இடங்களில் உள்ள 420, 450, 440 மட்டும் வரும். பலர் இதை ஒரு மந்திர வாசகம் போல மனப்பாடம் செய்கிறார்கள்; உள்ளே ஒரு வெக்டர் உருவாகி அது சல்லடையாக வேலை செய்கிறது என்று தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை. தருக்க மதிப்பு எண்ணாக மாறும்போது ட்ரூ 1, ஃபால்ஸ் 0 என்பதால், சம்(கல் > 415) என்றால் எத்தனை நாள்கள் 415ஐத் தாண்டின என்பதற்கு விடையாக 3 கிடைக்கும்.

மொத்தமாகக் கணக்கிடுதல்

உடைந்துபோன கற்களையும் ஒரு வெக்டராக எழுதுவோம்:

உடைசல் <- சி(12, 9, 15, 0, 11, 8)

கல் - உடைசல் என்ற ஒரே வரி 408, 371, 435, 0, 399, 432 என்று ஆறு விடைகளைத் தரும். முதலாவதிலிருந்து முதலாவது, இரண்டாவதிலிருந்து இரண்டாவது என்று இடத்துக்கு இடம் கழிக்கப்படுகிறது. வேறு மொழிகளில் இதற்கு ‘மடக்கு’ எழுதுவார்கள். மடக்கு என்பது ஒரே வேலையை ஒவ்வொரு உறுப்புக்கும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை. ஆரிலும் அந்த மடக்கு ஓடத்தான் செய்கிறது. ஆனால் அது மொழியின் அடியில், சி என்ற நிரல்மொழியில் எழுதி முன்கூட்டியே இயந்திரக் கட்டளைகளாக மாற்றி வைக்கப்பட்ட பகுதியில் ஓடுகிறது. நீங்கள் மேலே மடக்கு எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் ஆர் கட்டளையைப் பொருள்கொண்டு நிறைவேற்ற வேண்டியிருக்கும்.

நீளம் பொருந்தாதபோது

இரண்டு வெக்டர்களின் நீளமும் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆர் குட்டையானதைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுத்து, நெட்டையானதன் நீளத்துக்கு நிரப்பிக்கொள்ளும். இதற்கு ‘மறுசுழற்சி’ என்று பெயர். கல் * 2 என்று எழுதும்போது நடப்பது இதுதான்: 2 என்பது நீளம் 1 உடைய வெக்டர், அது ஆறு முறை எடுத்தாளப்படுகிறது. தனி எண்ணால் பெருக்குவதற்கென்று ஆரில் வேறு விதி கிடையாது.

இந்த வசதி தீங்காக மாறும் இடத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பட்டறையில் முதல் மூன்று நாள்களுக்கு ஒரு கல்லுக்குக் கூலி 10 ரூபாய், அடுத்த மூன்று நாள்களுக்கு 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க மாணவர் கல் * சி(10, 12) என்று எழுதுகிறார். அவர் மனத்தில் இருப்பது முற்பாதிக்கு 10, பிற்பாதிக்கு 12. ஆர் செய்வதோ திங்களுக்கு 10, செவ்வாய்க்கு 12, புதனுக்கு 10 என்று மாற்றி மாற்றிப் பெருக்குவது. விடை 4200, 4560, 4500, 0, 4100, 5280 என்று வரும். கூட்டினால் 22640 ரூபாய். சரியான கணக்குப்படி 4200, 3800, 4500, 0, 4920, 5280, கூட்டினால் 22700 ரூபாய்.

மொத்தத்தில் 60 ரூபாய்தான் வேறுபாடு. ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு 760 ரூபாய் கூடுதல், வெள்ளிக்கிழமைக்கு 820 ரூபாய் குறைவு. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. ஆரும் எச்சரிக்காது, ஏனெனில் 6 என்பது 2-இன் மடங்கு. நெட்டையானதன் நீளம் குட்டையானதன் நீளத்தின் மடங்காக இல்லாதபோது மட்டுமே, எடுத்துக்காட்டாக 6-உம் 4-உம் சேரும்போது, ஓர் எச்சரிக்கை வரும். அப்போதும் கணக்கு நிற்காது. விடையைத் தந்துவிட்டுத்தான் எச்சரிக்கும். மடங்காக இருக்கும் நீளங்களே ஆபத்தானவை என்பது என் கருத்து, எச்சரிக்கை வரும் இடத்தில் நாமாவது திரும்பிப் பார்ப்போம்.

சரியாக எழுத ரெப் என்ற செயற்கூறு இருக்கிறது. ரெப்(சி(10, 12), ஈச் = 3) என்றால் 10, 10, 10, 12, 12, 12 என்று வரும். ஈச் என்பது ஒவ்வோர் உறுப்பையும் எத்தனை முறை அடுத்தடுத்து எழுத வேண்டும் என்று சொல்கிறது. அதற்குப் பதில் டைம்ஸ் = 3 என்று எழுதினால் 10, 12, 10, 12 என்று பழைய கதையே திரும்பும்.

சுருக்கமாக: கணக்கு இடத்துக்கு இடம் நடக்கிறது, நீளம் குறைந்தது மறுசுழற்சி ஆகிறது, நீளங்கள் மடங்காக இருந்தால் ஆர் வாய் திறக்காது.

இல்லாத மதிப்பும் பூஜ்யமும்

வியாழக்கிழமையின் 0 பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அன்று பட்டறை இயங்கிக் கல் எதுவும் தேறவில்லையா, அல்லது அன்றைய குறிப்பே இல்லையா? முதலாவது என்றால் 0 சரி. இரண்டாவது என்றால் என்.ஏ. என்று எழுத வேண்டும். மதிப்பு தெரியவில்லை என்பதற்கு ஆர் வைத்திருக்கும் குறி அது. அப்படி எழுதியபின் மீன்(கல்) கேட்டால் விடையும் என்.ஏ. தான். ஓர் உறுப்பு தெரியாதபோது சராசரியும் தெரியாது என்பது நேர்மையான பதில். தெரிந்தவற்றை மட்டும் வைத்துக் கணக்கிடச் சொல்ல, அடைப்புக்குறிக்குள் என்ஏ.ஆர்எம் = ட்ரூ என்று சேர்க்க வேண்டும். அப்போது 2100ஐ ஐந்தால் வகுத்து 420 வரும். 0 என்று எழுதினால் 350, என்.ஏ. என்று எழுதினால் 420. எது சரி என்று ஆருக்குத் தெரியாது, பட்டறைக்காரருக்குத்தான் தெரியும்.

எந்த உறுப்பு என்.ஏ. என்று கண்டுபிடிக்க கல் == என்.ஏ. என்று எழுதக் கூடாது. தெரியாத ஒன்றோடு ஒப்பிட்டால் விடையும் தெரியாததே என்பதால், எல்லா இடத்திலும் என்.ஏ. வரும். இஸ்.என்ஏ(கல்) என்பதே வழி.

வரிசைப்படுத்துதல்

நாள்களின் பெயர்களை ‘நாள்’ என்று தனி வெக்டராக வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். எந்த நாளில் குறைவு, எந்த நாளில் அதிகம் என்று அறிய பலர் சார்ட்(கல்) என்கிறார்கள். 0, 380, 410, 420, 440, 450 என்று எண்கள் ஏறுவரிசையில் வரும். ஆனால் ‘நாள்’ பழைய வரிசையிலேயே இருக்கும். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் திங்கட்கிழமை 0 கல் செய்ததாக ஆகிவிடும்.

இதற்குரிய செயற்கூறு ஆர்டர். அது மதிப்புகளைத் தராது, சுட்டெண்களைத் தரும். ஆர்டர்(கல்) என்றால் 4, 2, 5, 1, 6, 3 என்று வரும்: மிகச் சிறியது நான்காம் இடத்தில் இருக்கிறது, அடுத்தது இரண்டாம் இடத்தில், இப்படியே. இந்தச் சுட்டெண் வெக்டரை நாள்[ஆர்டர்(கல்)] என்று இட்டால் வியாழன், செவ்வாய், வெள்ளி, திங்கள், சனி, புதன் என்று நாள்களும் அதே வரிசைக்கு வந்துவிடும். இன்னொரு வேறுபாடும் உண்டு: வெக்டரில் என்.ஏ. இருந்தால் சார்ட் அதை வழக்கமாகவே நீக்கிவிட்டு ஐந்து உறுப்புகளைத் தரும், ஆர்டரோ அதன் இடத்தைக் கடைசியில் வைத்து ஆறையும் தரும்.

இணைந்து நடக்க வேண்டிய வெக்டர்கள் பல இருக்கும்போது அவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளாமல் டேட்டா ஃபிரேம் என்ற அட்டவணைக்குள் வைப்பதே பாதுகாப்பு. அதன் ஒவ்வொரு பத்தியும் ஒரு வெக்டர், எல்லாப் பத்திகளும் ஒரே நீளம். டேட்டா.ஃபிரேம் செயற்கூறுக்கு 6 நீளமும் 5 நீளமும் உள்ள வெக்டர்களைக் கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும். 6-உம் 3-உம் கொடுத்தால் அங்கேயும் மறுசுழற்சி செய்து, ஒன்றும் சொல்லாமல் அட்டவணையை அமைத்துத் தந்துவிடும்.